எருமையில் ஐவிஎஃப்: கொட்டகையில் தொடங்கி கன்று ஈனும் வரை

"நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கல, ஐவிஎஃப் பண்ணிப் பார்க்கலாமா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் இந்த முறை, சினை நிற்காத எருமைக்கு வைத்தியம் இல்லை. அந்த எருமைக்குக் கருப்பையில் புண் இருக்கலாம், தாது உப்புக் குறைபாடு இருக்கலாம், பருவம் தெரியாமல் நேரம் தவறி ஊசி போட்டிருக்கலாம். கால்நடை மருத்துவர் ஒருமுறை பரிசோதித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும், செலவும் சில நூறு ரூபாயோடு முடியும். ஐவிஎஃப் வேறு வேலைக்கு. உங்கள் பண்ணையிலோ உங்கள் ஊரிலோ மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகக் கறக்கிற ஒரு எருமை இருக்கிறது, அது தன் ஆயுளில் ஆறேழு கன்றுதான் ஈனும், அதிலும் பாதி கிடாக்கன்றாகப் போகும். அந்த எருமையின் முட்டைகளை எடுத்து, வெளியே கருவாக்கி, சுமாரான மற்ற எருமைகளின் வயிற்றில் வளர்த்தால் அதே வம்சத்தில் இருபது, முப்பது கன்றுகள் வரை எடுக்கலாம். இதற்காகத்தான் ஐவிஎஃப்.

உலகத்திலேயே முதல் ஐவிஎஃப் எருமைக் கன்று நம் நாட்டில்தான் பிறந்தது. ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990இல் பிறந்த அந்தக் கன்றுக்கு 'பிரதம்' என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகு வெகுகாலம் இது ஆய்வகத்தோடு நின்றது. உயிரோடு இருக்கிற எருமையிடமிருந்து ஸ்கேன் உதவியோடு திரும்பத் திரும்ப முட்டை எடுக்கும் முறை கைக்கு வந்த பிறகுதான் பண்ணைப் பக்கம் வந்தது. 2021 அக்டோபரில் குஜராத்தின் கிர் சோம்நாத் மாவட்டத்தில் தனேஜ் என்ற கிராமத்துப் பண்ணையில் 'பன்னி' என்ற குஜராத் எருமை இனத்தில் நாட்டின் முதல் ஐவிஎஃப் கன்று பிறந்தது, அது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் பட்டது, ஏனென்றால் ஆராய்ச்சி நிலையத்தில் இல்லாமல் ஒரு விவசாயியின் இடத்தில் அது நடந்தது.

இங்கே முர்ரா எருமையை வைத்தே சொல்கிறேன். ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜிந்த் பகுதிதான் அதன் பூர்வீகம், அனுபவமும் அதில்தான் அதிகம். தமிழ்நாட்டில் கறவையில் இருக்கும் எருமைகளில் நிறைய நாட்டு எருமைக்கு முர்ரா விந்து போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தரம் உயர்த்தியவை என்பதால் நமக்கும் அப்படியே பொருந்தும். முட்டை கொடுப்பதைக் கொடை எருமை என்றும், கருவைச் சுமப்பதை வாடகைத்தாய் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எருமையில் ஏன் கஷ்டம்

பசுவில் வேலை செய்யும் கணக்கை அப்படியே எருமைக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு பசுங்கிடேரியின் சூலகத்தில் லட்சத்துக்கும் மேல் முட்டை இருப்பு இருக்கும், எருமைக் கிடேரியில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், பத்து இருபதாயிரம். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஊசி முனைக்குச் சிக்கும் முட்டைப் பைகளும் குறைவு. ஹார்மோன் கொடுத்து நிறைய முட்டை விடவைத்து, உள்ளேயே கருவாக்கி, கழுவி எடுக்கும் பழைய முறையில் எருமையிடம் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நல்ல கருதான் கிடைக்கும். அதனால்தான் ஐவிஎஃப் எருமைக்கு இன்னும் அவசியமாகிறது. எருமை முட்டையில் கொழுப்பும் அதிகம், நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்பாகவே தெரியும், உறைய வைத்தால் பசுக் கருவைவிட அதிகமாகச் சேதமாகும். பருவம் வந்தாலும் கத்தாமல், தாவாமல் ஊமையாக இருந்துவிடும் பழக்கம் வேறு. கோடையில் பாதி எருமைகள் பருவத்துக்கே வராது.

இவ்வளவையும் சொல்வது பயமுறுத்த அல்ல. ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் நல்ல கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. ஆனால் கொடை எருமையின் தேர்வு, தீவனம், வெயில் காப்பு, வாடகைத்தாயின் உடம்பு இவை எல்லாம் கொட்டகையில் உங்கள் கையில் இருப்பவை, இதில் கோட்டை விட்டால் அவர்களால் எதையும் சரிசெய்ய முடியாது.

கொடை எருமையைத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி: பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா? "ஒரு நேரத்துக்கு பத்து லிட்டர் கறந்துச்சு" என்ற பேச்சு போதாது. ஈன்றதிலிருந்து வற்றும் வரை, மாதம் ஒருமுறையாவது இரண்டு வேளையும் அளந்து எழுதிய கணக்கு வேண்டும், இரண்டு ஈத்துக்கு இருந்தால் நல்லது. நல்ல பராமரிப்பில் இருக்கும் முர்ரா ஒரு ஈத்துக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் வரை கொடுக்கும். என் கருத்தில் 3,000 லிட்டருக்குக் கீழே கறக்கும் எருமைக்கு ஐவிஎஃப் செலவு செய்வது வீண், அதற்கு நல்ல கிடாவின் உறைவிந்தை ஊசியாகப் போட்டாலே போதும். பாலோடு கொழுப்பையும் பாருங்கள், 7 சதவீதம் சாதாரணமாக இருக்க வேண்டும். மடி அமைப்பு, காம்பு, கால், குணம், எவ்வளவு மாத இடைவெளியில் கன்று ஈன்றிருக்கிறது என்பதும் கணக்கில் வரட்டும். பாலை மட்டும் பார்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈனும் எருமையின் வம்சத்தைப் பெருக்கினால் அந்தக் குணமும் சேர்ந்தே பெருகும்.

இரண்டாவது, நோய்ப் பரிசோதனை. புருசெல்லா (கன்று வீச்சு நோய்), காசநோய், ஜோன்ஸ் (தீராத கழிச்சல் நோய்), ஐபிஆர் (மூச்சுக்குழாயைத் தாக்கி, சினையையும் கலைக்கும் வைரஸ் நோய்) இந்த நான்கும் இல்லை என்று உறுதி செய்யாமல் எந்த நல்ல ஆய்வகமும் முட்டை எடுக்கக் கூடாது. புருசெல்லா மனிதருக்கும் வரும் நோய், இதில் சமரசமே வேண்டாம்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் வைத்து இரண்டு சூலகத்திலும் எத்தனை முட்டைப் பைகள் தெரிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். இந்த எண்ணிக்கை எருமைக்கு எருமை ரொம்ப வித்தியாசப்படும், ஆனால் ஒரே எருமையில் பெரிதாக மாறாது. இன்று ஐந்தாறு பைகள் காட்டுகிற எருமை அடுத்த மாதமும் அப்படித்தான் காட்டும். பால் நன்றாகக் கறக்கும் ஐந்து எருமை இருந்தால், அதில் பை எண்ணிக்கை அதிகமாக இருக்கும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்ஹெச் என்ற சூலக ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் இதையேதான் சொல்லும், வசதி இருந்தால் செய்யலாம், ஸ்கேனே போதும்.

ஈன்று 60 நாள் ஆகாத எருமையை விட்டுவிடுங்கள், அது பாலுக்காகத் தன் உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கும், முட்டை தரமாக இருக்காது. சினையாக இருக்கும் எருமையிடம் முதல் மூன்று மாதம் வரை முட்டை எடுக்கலாம், கேட்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், அனுபவமுள்ள கைகள் அதைப் பாதுகாப்பாகச் செய்கின்றன. சினைக்குழாய் அடைத்துப்போய் இனி ஈனவே முடியாத நல்ல எருமை இருந்தால் அதை இறைச்சிக்கு அனுப்பாமல் கொடை எருமையாக வைத்துக்கொள்ளலாம், ஐவிஎஃப்பின் பலனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டு மூன்று மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

முட்டைப் பை வளர்ந்து முதிர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்று எடுக்கும் முட்டை, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் அந்த எருமை என்ன தின்றது, எவ்வளவு வெயில் பட்டது என்பதைச் சுமந்துகொண்டு வருகிறது. முட்டை எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் தாது உப்பு வாங்கிக் கொட்டினால் பயன் இல்லை.

குடற்புழு நீக்கம் முதலில். அப்புறம் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை, பசுந்தீவனம் குறையாமல், பாலுக்கு ஏற்ற அடர்தீவனம். உடம்பு நடுத்தரமாக இருக்க வேண்டும், விலா எலும்பு லேசாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு. கொழுத்துப்போனால் முட்டைக்கும் கெடுதல், சூலகத்தைக் கையில் பிடிப்பதும் கஷ்டம். பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கு, ஈரம் பட்ட மக்காச்சோளம் இவற்றைக் கண்டிப்பாகத் தள்ளுங்கள், அந்த நஞ்சு பாலைக் கெடுப்பதோடு முட்டையையும் கெடுக்கும். யூரியா கலந்த தீவனத்தை அளவு தெரியாமல் கொடுப்பதும் வேண்டாம்.

வெயில் விஷயம் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எருமைக்குக் கருப்புத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு, தண்ணீரில் கிடந்துதான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குட்டை இருந்தால் மதியம் இரண்டு மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தெளிப்பானும் மின்விசிறியும் போடுங்கள், அதுவும் இல்லையென்றால் குழாய் வைத்து ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது முதுகை நனையுங்கள். ஹரியானா, பஞ்சாப் பக்கம் பகல் நேரம் குறைகிற செப்டம்பர் முதல் பிப்ரவரி வரைதான் எருமைகள் ஒழுங்காகப் பருவத்துக்கு வரும். நம் பக்கத்தில் பகல் நேர வித்தியாசம் அவ்வளவு இல்லை, ஆனாலும் சித்திரை வைகாசி வெயிலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மழை பெய்து, பச்சை வந்து, எருமை தேறிய பிறகு ஐப்பசி வாக்கில் தொடங்குவதே நல்லது.

நாள்காட்டியை முதலில் போடுங்கள்

முட்டை எடுக்கும் நாளை மட்டும் குறித்துக்கொண்டு, வாடகைத்தாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கரு தயாராக இருக்கும், வைக்க வயிறு இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வந்து சேர வேண்டும். ஒரு மாதிரி சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை முட்டை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். செவ்வாய் காலை விந்தோடு சேர்ப்பார்கள், அதுதான் கருவுக்குப் பூஜ்ய நாள், அங்கிருந்துதான் எண்ணுவார்கள். அடுத்த திங்கள் அல்லது செவ்வாயன்று கரு வைக்கிற நிலைக்கு வரும். அப்படியானால் வாடகைத்தாயும் விந்தோடு சேர்த்த அந்த முதல் செவ்வாயன்றே பருவத்தில் இருந்திருக்க வேண்டும், ஒரு நாள் முன்பின் பரவாயில்லை, அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கருப்பை அந்தக் கருவை ஏற்காது. ஊசி வைத்துப் பருவத்தை ஒழுங்குபடுத்தும் வழக்கமான முறையில், முட்டை எடுக்கும் திங்களுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு ஞாயிறன்று முதல் ஊசி. ஏழு நாள் கழித்து அடுத்த ஞாயிறன்று இரண்டாவது ஊசி, செவ்வாயன்று மூன்றாவது. பருவத்துக்கே வராமல் கிடக்கும் எருமைக்கு இந்த ஊசிகள் மட்டும் போதாமல் போகலாம், அதற்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் சாதனத்தைச் சேர்ப்பார்கள். எந்த எருமைக்கு எது, எவ்வளவு என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக் கடையில் கேட்டு நீங்களே போடாதீர்கள். அதில் ஒரு ஊசி சினை எருமைக்குத் தவறிப் போட்டால் சினை கலைந்துவிடும்.

ஒரு கருவுக்கு ஒரு வாடகைத்தாய் என்று கணக்குப் போட்டால் கட்டாயம் குறையும். ஊசி போட்ட எல்லாம் சரியான நாளில் முட்டை விடாது. ஒரு கருவுக்கு இரண்டு, முடிந்தால் மூன்று எருமையைத் தயார் செய்யுங்கள். இதற்கு அக்கம்பக்கத்து விவசாயிகளைச் சேர்த்துக்கொள்வதே வழி, அதனால்தான் இந்த வேலை தனி வீட்டைவிடப் பால் சங்கங்கள் மூலம் நடந்தால் நன்றாக நடக்கும் என்று சொல்வேன்.

முட்டை எடுக்கும் நாள்

எருமையை இரும்புக் கூண்டில் நிறுத்தி, சாணத்தை வெளியே எடுத்து, வால் அடியில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். எருமை நின்றபடியே இருக்கும், பின்பகுதி மட்டும் மரத்திருக்கும். பின்புறத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகு, நீளமான ஸ்கேன் கருவியைப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே செலுத்துவார்கள், அதோடு ஒட்டியே ஊசிக்கான குழாயும் இருக்கும். மருத்துவர் இன்னொரு கையை ஆசனவாய் வழியாக விட்டுச் சூலகத்தைப் பிடித்துக் கருவியின் முனைக்குக் கொண்டுவந்து வைத்து, திரையில் கருப்பு வட்டமாகத் தெரியும் ஒவ்வொரு பையையும் குத்தி, உள்ளே இருக்கும் திரவத்தை மெல்லிய உறிஞ்சலில் எடுப்பார். மொத்தம் இருபது முப்பது நிமிடம்.

இதில் உங்கள் வேலை என்னவென்றால், முந்தைய நாள் இரவு தீவனத்தைக் குறைத்துக்கொடுங்கள், கூண்டு நிழலில் இருக்கட்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும், பக்கத்தில் தூசி பறக்கிற வேலை எதுவும் வேண்டாம். எடுத்த திரவம் குளிர்ந்தால் முட்டை கெட்டது, அதனால் குழாய்கள் 37 டிகிரி சூட்டில் இருக்கிற பெட்டியில்தான் நிற்க வேண்டும். குழாய் மேசைமேல் சும்மா கிடப்பதைப் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஹெப்பாரின் கலந்திருப்பார்கள். பிறகு அந்தத் திரவத்தை நுண்சல்லடையில் வடிகட்டி, தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் முட்டைகளைத் தேடுவார்கள். முட்டையைச் சுற்றி அடுக்கடுக்காகச் செல்கள் ஒட்டியிருந்தால் அது முதல் தரம், மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் தேறாது. எத்தனை முட்டை, எந்தத் தரம் என்று அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே எருமையிடம் திரும்பவும் எடுக்க இரண்டு வாரம் இடைவெளி விடுவது என் விருப்பம். வாரத்துக்கு இரண்டு தடவைகூட எடுக்கிறார்கள், தொழில்நுட்பப்படி முடியும், ஆனால் குத்திக்குத்திச் சூலகத்தில் தழும்பு விழுவதும், எருமை கூண்டைப் பார்த்தாலே மிரள்வதும் நல்லதல்ல. எடுத்த அன்றும் அடுத்த நாளும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, ரத்தப்போக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது

இங்கே நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, ஆனாலும் தெரிந்திருந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

எடுத்த முட்டை இன்னும் முதிராதது. ஹார்மோன்களும் சத்துகளும் கலந்த ஊடகத்தில், 38.5 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும் பெட்டியில் 22 முதல் 24 மணி நேரம் வைத்து முதிர வைப்பார்கள். 38.5 என்பது எருமையின் உடம்புச் சூடு. பண்ணையிலிருந்து ஆய்வகம் தூரமாக இருந்தால் இந்த முதிர்ச்சியைக் காரில் வரும் வழியிலேயே, கையில் தூக்கிச் செல்லும் சிறிய இன்குபேட்டரில் நடத்திவிடலாம், ஆக 200 கிலோமீட்டர் தூரம் ஒரு தடை இல்லை.

அடுத்தது விந்து. உறைவிந்துக் குச்சியை உருக்கி, செத்த அணுக்களைப் பிரித்துத் தள்ளி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் எடுத்து முட்டையோடு 18 மணி நேரம் போல விடுவார்கள். ஊசியில் நன்றாகச் சினை நிற்கிற கிடாவின் விந்து ஐவிஎஃப்பிலும் நன்றாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, கிடாவுக்குக் கிடா பெரிய வித்தியாசம் வரும். அந்தக் கிடாவின் விந்தை முன்பே சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்ற கணக்கு இருக்கும் கிடாவுக்கே முதலிடம், அது இல்லையென்றால் தாயின் பால் கணக்கு. கொடை எருமைக்கு நெருங்கிய ரத்த உறவாக இருக்கக் கூடாது. பெண் கன்று வேண்டுமென்றால் பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தலாம், பத்துக்கு ஒன்பது கிடேரியாக வரும். ஒரு குச்சியே ஒரு தட்டு முட்டைக்குப் போதும் என்பதால் விலை உயர்ந்த விந்துக்கு ஐவிஎஃப் நல்ல சிக்கனம். கரு விகிதம் சற்றுக் குறையும் என்பதையும் ஏற்றுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விந்திலிருந்து பிரித்து வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றியபின், இரண்டாம் நாள் எத்தனை முட்டை பிளந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஆறாம் ஏழாம் நாளில் உள்ளே நீர் கோத்த பந்து போல பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலை வரும். எருமைக் கரு பசுவின் கருவைவிடக் கிட்டத்தட்ட அரை நாள், ஒரு நாள் முந்திக்கொண்டு வரும். பசுவுக்குப் பழகிய கைகள் ஏழாம் நாள்வரை காத்திருந்து நல்ல நேரத்தைத் தவறவிடும் வாய்ப்பு இருக்கிறது, இதை ஆய்வகத்தாரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி வரும்? 8 நல்ல முட்டை வந்ததாக வையுங்கள். அதில் ஐந்து பிளக்கலாம், கடைசியில் ஒன்றோ இரண்டோ பிளாஸ்டோசிஸ்ட் ஆகலாம். நல்ல ஆய்வகத்தில் எருமைக்கு 15 முதல் 30 சதவீதம் என்பதே நடைமுறை. அந்தக் கருவைப் புதிதாக அப்படியே வைத்தால் மூன்றில் ஒன்று சினையாக நிற்கும், சில இடத்தில் 40 சதவீதம்வரை போகும். அதாவது இரண்டு மூன்று தடவை முட்டை எடுத்தால் ஒன்று அல்லது இரண்டு சினை. "ஒரு தடவையில் பத்து கன்று" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உறைய வைத்த கருவுக்கு விகிதம் இன்னும் குறையும். எனவே வாடகைத்தாய் தயாராக இருக்கும்வரை புதிய கருவையே வையுங்கள், மிச்சம் இருந்தால் மட்டும் உறைய வையுங்கள்.

வாடகைத்தாயும் கரு வைப்பதும்

"பசு வயிற்றில் எருமைக் கருவை வைக்கலாமா?" வைக்க முடியாது. முர்ராவுக்கு 50 குரோமோசோம், பசுவுக்கு 60, இரண்டும் வேறு வேறு இனம். எருமைக்கு எருமைதான்.

இரண்டு மூன்று ஈத்து சிக்கலில்லாமல் ஈன்ற, கருப்பை சுத்தமாக இருக்கும், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் எருமையே நல்ல வாடகைத்தாய். பால் குறைவாகக் கறந்தாலும் கவலை இல்லை, கன்றின் பால் திறன் கருவிலிருந்து வருகிறது, சுமப்பவளிடமிருந்து வராது. ஆனால் உடல்வாகு வேண்டும். ரொம்பச் சின்ன நாட்டு எருமையின் வயிற்றில் பெரிய முர்ரா கருவை வைத்தால் ஈனும் நேரத்தில் அவஸ்தைப்படும். கிடேரிகளை நான் ஊக்குவிப்பதில்லை, கருப்பை வாய் குறுகலாகவும் வளைந்தும் இருப்பதால் குழாயை உள்ளே விட முடியாமல் தடுமாறுவார்கள். இவற்றுக்கும் புருசெல்லா பரிசோதனை அவசியம்.

பருவ நாளன்று காலையும் மாலையும் பாருங்கள். கண்ணாடி போன்ற சளி, அடிக்கடி சிறுநீர், பால் குறைவது, தடித்த பிறப்புறுப்பு. கத்தாத எருமையிலும் இவற்றில் ஒன்றிரண்டு இருக்கும். கண்டதை நேரத்தோடு எழுதி வையுங்கள்.

கரு வைக்கும் நாளில் முதலில் ஸ்கேன். முட்டை விட்ட இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் எந்தப் பக்கச் சூலகத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எருமையில் இது சின்னதாகவும் சூலகத்துக்குள்ளேயே புதைந்தும் இருக்கும், கையால் தடவி மட்டும் சொல்வது சரிவராது. மஞ்சள் திரள் நன்றாக இல்லாத எருமையை அங்கேயே ஒதுக்கிவிட வேண்டும், "கூட்டிக்கொண்டு வந்துவிட்டோமே" என்று வைக்கச் சொல்லாதீர்கள், ஒரு கரு வீணாகும். மஞ்சள் திரள் வலது பக்கம் என்றால் கருவும் கருப்பையின் வலது கொம்பில்தான் போக வேண்டும்.

வேலை சினை ஊசி போலத்தான் தெரியும், ஆனால் குழாய் கருப்பை வாயைத் தாண்டி, கொம்பின் உள்ளே இன்னும் தூரம் போக வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, குழாய்க்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, கருப்பை வாய்வரை வந்ததும் உறையைக் கிழித்து உள்ளே செலுத்துவார்கள், பிறப்புறுப்பில் இருக்கும் கிருமி கருப்பைக்குள் போகாமல் இருக்க. கை முரட்டுத்தனமாக இருந்தால் கருப்பை உள்ளே கீறி, சுரக்கும் பொருள் மஞ்சள் திரளையே கரைத்துவிடும். இரண்டு நிமிடத்துக்குமேல் குடைந்துகொண்டே இருப்பவரைவிட, "இந்த எருமையில் போகல, விட்டுடுவோம்" என்று சொல்பவர் நல்ல கைக்காரர்.

அதற்குப் பிறகு

அடுத்த மூன்று வாரம் வாடகைத்தாயை லாரியில் ஏற்றாதீர்கள், சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள், கூட்டத்தில் புதிய எருமையோடு சேர்க்காதீர்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்ற வேண்டாம், வெயில் காப்பைத் தளர்த்த வேண்டாம். இரண்டாவது வாரக் கடைசியில் பருவ அறிகுறி வருகிறதா என்று கவனியுங்கள். 30ஆம் நாள் ஸ்கேன், அப்புறம் 60ஆம் நாள் மறுபடியும். இரண்டு தடவை எதற்கு என்றால், எருமையில் 25ஆம் நாளுக்கும் 45ஆம் நாளுக்கும் இடையில் கரு தங்காமல் போவது அதிகம். 30ஆம் நாளில் சினை என்று சொன்னதோடு இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். கடைசி இரண்டு மாதம் பால் வற்றச்செய்து, அடர்தீவனம் கூட்டுங்கள். எருமையில் கருப்பை முறுக்கிக்கொள்வது பசுவைவிட அதிகம். வலி வந்து, அமைதியில்லாமல் எழுந்து படுத்துக்கொண்டே இருந்தும் பனிக்குடம் வெளியே வரவில்லை என்றால் சில மணி நேரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இவ்வளவு செலவு செய்த கன்றுக்கு ஈனும் வாரத்தில் மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கன்று விழுந்ததும் தொப்புளுக்கு அயோடின், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாள் முழுக்கச் சேர்த்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. எருமைக் கன்றுகளைக் கொல்வதில் பெரிய பங்கு உருண்டைப் புழுவுக்கு உண்டு, அது தாய்ப்பால் வழியாகவே வரும், கன்று புல்லைத் தொடுவதற்கு முன்பே வயிற்றில் இருக்கும். பிறந்த 10 முதல் 15 நாளுக்குள் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். ஐவிஎஃப்பில் பிறந்த கன்று கழிச்சலில் செத்துப்போனது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஐம்பது ரூபாய்கூட ஆகாத மருந்தால் தடுத்திருக்கலாம். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி, ஒருமுறை போட்டால் போதும்.

பணமும் ஒப்பந்தமும்

ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் என்ற மத்திய அரசின் மாட்டின மேம்பாட்டுத் திட்டம் 2014இல் தொடங்கியது. அதன் கீழ் நாட்டில் 20-க்கும் மேற்பட்ட ஐவிஎஃப் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன, உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொரு ஐவிஎஃப் சினைக்கும் 5,000 ரூபாய் மானியம் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. உங்கள் மாவட்டத்தில் இப்போது நடக்கிறதா, எருமைக்கும் உண்டா என்று கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

தனியாரிடம் போனால், கருவுக்கு விலையா, சினைக்கு விலையா என்று முதலில் தெளிவாக்குங்கள். கருவுக்கு விலை என்றால் சினை நிற்காத ஆபத்து முழுவதும் உங்கள் தலையில். சினைக்கு விலை என்றால், எந்த நாள் ஸ்கேனை வைத்துச் சினை என்று முடிவு செய்கிறார்கள்? 30ஆம் நாள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், 60ஆம் நாளுக்குப் பிறகு என்று எழுதி வாங்குங்கள். வாடகைத்தாய்க்கு ஊசி, ஸ்கேன் செலவு யாருடையது, முட்டை வராவிட்டால் என்ன, பிறக்கும் கிடாக்கன்று யாருக்கு, இதையெல்லாம் வாயால் பேசாமல் தாளில் எழுதுங்கள்.

இரண்டு மூன்று எருமை வைத்திருக்கும் வீட்டில், சொந்தச் செலவில் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பால் கணக்குள்ள கிடாவின் உறைவிந்தும், நேரத்துக்குப் போடும் ஊசியும், தாது உப்பும்தான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். ஐவிஎஃப் மிக அதிகமாகப் பலன் தருவது பொலிகிடா எடுப்பதில். ஒரு நல்ல கொடை எருமையிலிருந்து வந்த ஒரு கிடா உறைவிந்து நிலையத்துக்குப் போனால், ஆயிரக்கணக்கான குச்சிகளாக ஏழை வீட்டுக் கொட்டகைவரை வந்து சேரும். நீலகிரியின் தோடா எருமை, பர்கூர் மலை எருமை போன்ற, எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் நம் இனங்களுக்கும் இந்த முறையை வைத்துக் கருக்களைச் சேமிக்கலாம். அந்த வேலைக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று எல்லாப் பால் சங்கங்களும் கேட்க வேண்டும்.

கன்று பிறந்த வாரத்திலேயே அதன் வாலில் இருந்து வேரோடு சில முடிகளைப் பிடுங்கி, காகித உறையில் போட்டு, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பித் தாயும் தந்தையும் சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் தட்டு மாறிப்போவது நடக்கக் கூடியதே. அப்புறம் 12 இலக்கக் காதுவில்லை போட்டு, பதிவில் தாய் என்ற இடத்தில் ஈன்ற எருமையின் எண்ணை எழுதாமல் முட்டை கொடுத்த எருமையின் எண்ணை எழுதச் சொல்லுங்கள், ஈன்றவளின் எண்ணை வாடகைத்தாய் என்று தனியே குறிக்கச் சொல்லுங்கள். இதை மாற்றி எழுதிவிட்டால், நாளைக்கு அந்தக் கன்றை நல்ல வம்சம் என்று காட்ட உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.